பாய்ப்படகுக்கு ஏறும் ஏணி: தேர்ந்தெடுப்பதும் செய்வதும், திருகோணமலைக் கடலுக்கு ஏற்றபடி

பாய்ப்படகுக்கு ஏணி வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் கடையில் நின்றபடிதான் அதைப் பார்க்கிறார்கள். பளபளப்பாக இருக்கிறதா, ஒழுங்காக மடிகிறதா, விலை என்ன என்று கேட்டுவிட்டு வாங்கி வந்துவிடுகிறார்கள். ஏணியின் தரம் தெரிவது தண்ணீருக்குள் இருந்து மேலே பார்க்கும்போதுதான். தலை மட்டும் வெளியே இருக்கிறது, உடுப்பெல்லாம் நனைந்து கனக்கிறது, கை சோர்ந்துவிட்டது, படகில் வேறு யாருமில்லை. அந்த நிலையில் உள்ள ஒருவர் யார் உதவியும் இல்லாமல் ஏணியை இறக்கி, ஏறி, படகின் மேல்தட்டில் கால் வைக்க முடிய வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒருவரை மனதில் வைத்து எழுதியது. அவருக்குச் சரியாக அமைந்த ஏணி, புறாத் தீவுப் பக்கம் குளித்துவிட்டு ஏறுபவருக்கும் தானாகவே சரியாக அமைந்துவிடும்.

ஏன் ஏற முடியாமல் போகிறது

நம்மூர் மீன்பிடி வள்ளங்களின் விளிம்பு தாழ்வு. பெடியள் இரண்டு கையாலும் பிடித்து, காலை உதைத்து, ஒரே மூச்சில் உள்ளே விழுந்துவிடுவார்கள். அந்தப் பழக்கத்தை வைத்துப் பாய்ப்படகைக் கணக்குப் போடக் கூடாது. ஏழெட்டு மீற்றர் நீளமான பாய்ப்படகின் பக்கவாட்டு விளிம்பு தண்ணீரிலிருந்து 80 முதல் 100 சென்ரிமீற்றர் உயரத்தில் இருக்கும். கை எட்டினாலும் அதற்குமேல் ஒன்றும் செய்ய முடியாது.

தண்ணீருக்குள் இருக்கும்வரை உடம்பின் பாரத்தைத் தண்ணீர் சுமக்கிறது. உடம்பு வெளியே வர வர, அது விலக்கியிருந்த ஒவ்வொரு லீற்றர் தண்ணீருக்கும் ஒரு கிலோ என்ற கணக்கில் பாரம் கைக்குத் திரும்பி வருகிறது. நெஞ்சு விளிம்பருகே வரும்போது உடம்பின் பாதிக்கும் மேற்பட்ட பாரம் இரண்டு கைகளில். அதோடு நனைந்த சட்டையும் சாரமும். லைஃப் ஜாக்கெட் போட்டிருந்தால் அது நெஞ்சுக்கும் படகுக்கும் நடுவில் முட்டி ஆளை வெளியே தள்ளும். படகின் அடி உள்நோக்கி வளைந்திருப்பதால் கால்கள் படகுக்கு அடியில் போய்விடும். நல்ல நீச்சல்காரர்களும் இங்கேதான் தோற்றுப்போகிறார்கள். ஆகவே ஏணி செய்ய வேண்டிய முதல் வேலை, பாரத்தைக் கையிலிருந்து காலுக்கு மாற்றுவது.

முதலில் அளவு

படகில் வழக்கமாக இருக்கும் தண்ணீர், எரிபொருள், நங்கூரம், ஆட்கள் எல்லாம் ஏறியிருக்கும்போது அளவெடுங்கள். வெறும் படகில் எடுத்த அளவு பொய் சொல்லும். ஒரு நூலில் ஈயக்குண்டைக் கட்டி மேல்விளிம்பிலிருந்து தொங்கவிட்டு, தண்ணீர் தொடும் இடம்வரை அளந்தால் போதும். படகின் நடுப்பகுதியில் ஒருமுறை, பின்பலகையில் ஒருமுறை.

இப்போது கடைசிப் படி எவ்வளவு ஆழத்தில் இருக்க வேண்டும் என்ற கேள்வி. அமெரிக்கப் படகுத் தர விதி முன்பு 12 அங்குலம் போதும் என்றது. பிறகு அதை 22 அங்குலமாக, அதாவது ஏறக்குறைய 56 சென்ரிமீற்றராக உயர்த்திவிட்டார்கள். அந்த மாற்றத்துக்குக் காரணம் தேட வேண்டாம், தண்ணீரில் மிதந்துகொண்டு 30 சென்ரிமீற்றர் ஆழத்திலுள்ள படியில் கால் வைத்துப் பாருங்கள். முழங்கால் நெஞ்சைத் தொடும், முதுகு பின்னால் சாயும், எழும்ப வழியே இருக்காது. என் கணக்கில் 60 சென்ரிமீற்றர் குறைந்த அளவு. 75 இருந்தால் வயதானவர்களும் ஏறுவார்கள். மூன்று படிகளோடு விற்கும் ஏணிகள் நம் படகுகளில் பெரும்பாலும் இந்த அளவுக்கு எட்டாது. விலை குறைவு என்று அவற்றை வாங்காதீர்கள்.

ஒரு கணக்குப் பார்ப்போம். விளிம்பு உயரம் 95 சென்ரிமீற்றர். முதல் படி தட்டிலிருந்து 20 சென்ரிமீற்றர் கீழே. படிக்குப் படி இடைவெளி 28. ஆறு படி வைத்தால் நடுவில் ஐந்து இடைவெளி, 140 சென்ரிமீற்றர். கடைசிப் படி தட்டிலிருந்து 160 கீழே, அதாவது தண்ணீருக்குள் 65. சரியாக இருக்கிறது. இடைவெளியை 25க்கும் 30க்கும் இடையில் வையுங்கள். 30க்கு மேல் போனால் குள்ளமானவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் கஷ்டம்.

எந்த இடத்தில்

பின்பலகையில் மாட்டும் ஏணிக்கு நல்ல குணங்கள் பல. நிரந்தரமாக நிற்கும், பலகை தட்டையாக இருப்பதால் கால் அடியில் போகாது, மடித்து வைக்கலாம். அலை எழும்பும்போதுதான் அதன் குறை தெரியும். படகின் முன்பக்கமான அணியமும் பின்பக்கமும்தான் அதிகம் தூக்கிப் போடும், நடுப்பகுதி ஓரளவு அமைதியாக இருக்கும். பின்பக்கம் ஒரு மீற்றர் எழும்பி விழும்போது அடியில் இருப்பவரின் தலையில் ஏணியோ பலகையோ இடிக்கலாம். சுக்கான் வெளியே தொங்கும் படகுகளிலும், வெளி எஞ்சின் பூட்டிய படகுகளிலும் பின்னால் இடமும் குறைவு. எஞ்சின் ஓடும்போது பின்னேணியில் யாரையும் ஏற விடக் கூடாது. நியூட்ரலில் இருக்கிறது என்பது போதாது, நிறுத்த வேண்டும்.

இங்கே பருவத்தையும் பார்க்க வேண்டும். கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை காற்று தரையிலிருந்து கடலுக்குப் போகும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் கடல் பெரும்பாலும் தட்டையாகக் கிடக்கும். அப்போது பின்னேணி ஒன்றே போதும் என்று தோன்றும். வாடைக்காற்றுக் காலத்தில் கிழக்குக் கரை முழுதும் அலைக்குத் திறந்து கிடக்கும். உள்துறைமுகத்துக்குள் நங்கூரம் போட்டிருப்பவருக்கு அலையில்லை, ஆனால் கொட்டியாரக்குடாவின் வாயைத் தாண்டியதும் கதை மாறிவிடும். அங்கே ஆள் விழுந்தால் நடுப்பகுதிப் பக்கவாட்டில் ஏற ஒரு வழி இருந்தாக வேண்டும். இன்னொன்று: தரையிலிருந்து வீசும் கச்சானுக்கும் ஒரு ஆபத்து உண்டு. விழுந்தவரையும் படகையும் அது வெளிக்கடலுக்கே தள்ளிக்கொண்டு போகும். கரைக்கு நீந்திவிடலாம் என்ற நம்பிக்கையில் ஏணியை அலட்சியப்படுத்தாதீர்கள்.

என் முடிவு: பின்னால் நிரந்தரமாக ஒரு மடக்கேணி, நடுப்பகுதியில் பைக்குள் சுருட்டி வைத்த ஓர் அவசர ஏணி. இரண்டும் வேண்டும். ஒன்றுக்குத்தான் காசிருக்கிறது என்றால் முதலில் பின்னேணி, ஆனால் தண்ணீரிலிருந்து இறக்கக்கூடியதாக.

கடையில் கிடைப்பவை

குழாய்க்குள் குழாய் நுழையும் ஏணிகள் இடத்தைப் பிடிக்காது. நீரிலிருந்து இழுத்தால் தானாக நீளும். ஆனால் மணலும் உப்பும் மூட்டுகளில் இறுகிவிடும், பிளாஸ்டிக் பூட்டுகள் வெயிலில் வெடிக்கும். படிகள் ஒடுக்கமான குழாய்களாக இருப்பதால் வெறுங்காலுக்கு வலிக்கும். வாங்கினால் மாதம் ஒருமுறை நன்னீரில் கழுவி, முழுதும் நீட்டி மடித்துப் பாருங்கள்.

விளிம்பில் கொக்கி போட்டுத் தொங்கவிடும் ஏணி குளிப்பதற்கு நல்லது. தனியாக விழுந்தவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை, அது உள்ளறையில் அல்லவா கிடக்கும்.

வெறும் நூலேணிதான் எல்லாவற்றிலும் ஏமாற்றுவது. டச்சு விரிகுடாவில் அமைதியான ஒரு காலையில் திடகாத்திரமான ஒருவர் அதில் ஏற முயன்றதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். முதல் படியில் பாரத்தைப் போட்டதும் இரண்டு காலும் படகுக்கு அடியில் வழுக்கிப் போயின. முதுகு தண்ணீரோடு சமமாகக் கிடந்தது. கயிற்றுக்கும் படகுக்கும் நடுவில் விரல்கள் நசுங்கி, முட்டிகள் தோலுரிந்துவிட்டன. இரண்டாம் படிக்கு அவர் போகவே இல்லை. நூலேணியைச் சரியாகச் செய்யலாம், கீழே சொல்கிறேன்.

பின்னேணியை வெல்டிங் பட்டறையில் செய்விக்கும்போது

இறக்குமதி ஏணியின் விலைக்குப் பயந்து பலர் உள்ளூரில் செய்விக்கிறார்கள். அது நல்ல முடிவுதான், ஆனால் வீட்டுக் கேற் செய்யும் பட்டறையில் கேற்றுக்குப் போடும் குழாயைத்தான் போடுவார்கள். அது பெரும்பாலும் 304 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் அல்லது அதைவிடக் குறைந்தது. கடலுக்கு 316 வேண்டும். 316இல் இரண்டு மூன்று சதவீதம் மொலிப்டினம் கலந்திருக்கிறது, உப்பு துளைபோடாமல் தடுப்பது அதுதான். காந்தம் வைத்துப் பார்த்து 316 என்று சொல்லும் கடைக்காரரை நம்ப வேண்டாம். 304, 316 இரண்டிலுமே காந்தம் பெரும்பாலும் ஒட்டாது. குழாயின் மேல் அச்சடித்திருக்கும் ரக எண்ணைப் பாருங்கள், அல்லது ஆலைச் சான்றிதழைக் கேளுங்கள்.

குழாய் 25 மில்லிமீற்றர் விட்டம், சுவர் 2 மில்லிமீற்றர். ஆர்கன் வெல்டிங்தான் வேண்டும், இணைப்புக் கம்பியும் 316L, அதாவது கரி குறைந்த 316 ரகமாக இருக்கட்டும். படி குழாயோடு சேரும் இடத்தில் சுற்றிவர முழுதாக ஒட்ட வேண்டும். நான்கு புள்ளி வைத்துவிட்டு விட்டால் அந்தச் சந்துக்குள் உப்புநீர் புகுந்து உள்ளே அரிக்கும், வெளியே தெரியாது. கீழ்முனைகளில் சிறு வடிகால் துளை போடச் சொல்லுங்கள். சாதாரண இரும்புக் கம்பித் தூரிகையால் தேய்க்க விடாதீர்கள். அதிலிருந்து ஒட்டும் இரும்புத் துகள்கள் ஒரு மழைக்குள் துருவாகத் தெரியும். ஒட்டிய இடம் நீலமாகவும் பழுப்பாகவும் நிறம் மாறியிருக்கும், அதை அமிலப் பசை போட்டுச் சுத்தம் செய்யாமல் ஏணியைக் கையில் வாங்காதீர்கள். அப்படி வாங்கிய ஏணிகளில் ஒரு வாடைக்காலம் முடியும்போது வெல்டிங் ஓரமெல்லாம் தேயிலைச் சாயம் ஊற்றியதுபோல் கறை படிந்திருப்பதைப் பார்க்கலாம். கறை மேலோட்டமானது, துடைத்தால் போகும். அதன் அடியில் ஊசித்துளை இருந்தால்தான் கவலை.

படிகளில் தட்டையான பலகை போடுங்கள், அகலம் 6 சென்ரிமீற்றருக்குக் குறையாமல். தேக்கு நல்லது. நம்மூர் சவண்டலை அதற்கு இளைத்ததல்ல. சிங்களத்தில் ஹல்மில்ல என்கிற இந்த மரத்தைத்தான் முன்பு சென்னைக்கு அனுப்பி அலை கடக்கும் மசூலாப் படகுகள் செய்தார்கள். ஆங்கிலத்தில் இதன் பெயரே ‘திருகோணமலை மரம்’. நார் நேராக ஓடும் பலகையாகப் பார்த்துத் தச்சரிடம் வாங்குங்கள். வார்னிஷ் பூச வேண்டாம், நனைந்தால் வழுக்கும். குறுக்கே ஆழமில்லாத கோடுகள் இழைத்துவிட்டாலே கால் பிடிக்கும்.

படிக்கும் படகுக்கும் நடுவில் 10 முதல் 15 சென்ரிமீற்றர் இடைவெளி இல்லாவிட்டால் பாதத்தின் முன்பகுதி நுழையாது, பெருவிரல் நுனியில் நின்றுதான் ஏற வேண்டியிருக்கும். ஏணியின் கீழ்ப்பகுதியில் இரண்டு முட்டுக்கால்கள் வைத்து, நுனியில் றப்பர் போட்டால் இந்த இடைவெளி நிற்கும்.

படகில் பூட்டுதல்

ஏறுபவரின் பாரம் படகுக்கு வெளியே தொங்குவதால் மேல் போல்ட்டுகள் வெளியே இழுபடுகின்றன, கீழ் முட்டுக்கால்கள் உள்ளே அழுத்துகின்றன. ஸ்குரூ ஆணி அந்த இழுப்பைத் தாங்காது. ஊடுருவிப் போகும் 8 மில்லிமீற்றர் போல்ட், உள்ளே 10க்கு 10 சென்ரிமீற்றர் அளவில் ஒரு தாங்குதட்டு. தாங்குதட்டுக்கு 6 மில்லிமீற்றர் ஸ்டெயின்லெஸ் தகடோ, எப்பொக்சி ஊறிய தடித்த மரைன் பிளைவூட்டோ போதும். சின்ன வாசரை மட்டும் போட்டால் பைபர் நாளடைவில் நசுங்கி, போல்ட் உள்ளே புதையும்.

பைபர் படகின் பின்பலகைக்குள் பெரும்பாலும் மரம் இருக்கும். துளையைத் தேவைக்கு மேல் பெரிதாகப் போட்டு, ஓரங்களைச் சுரண்டி, கெட்டியாக்கிய எப்பொக்சியால் அடைத்து, அது காய்ந்தபின் சரியான அளவில் மறுபடி துளையிடுங்கள். இரண்டு நாள் வேலை கூடும்தான். அதைச் செய்யாத பலகைகள் உள்ளே உளுத்து, ஏணியோடு கையில் வந்த கதைகள் இங்கேயே உண்டு. துளை வாயைச் சற்றுச் சரித்து, பொலியூறத்தேன் பசை வைத்து, முதலில் மெதுவாக இறுக்கி, பசை இறுகிய பிறகு முழுதாக இறுக்குங்கள். போல்ட்டின் தலையைத் திருப்பாதீர்கள், உள்ளேயிருந்து நட்டை மட்டும் திருப்புங்கள்.

மேலே பிடிக்க ஒன்று வேண்டும் என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். மேல்படியிலிருந்து தட்டுக்குக் கால் மாற்றும் அந்த இடத்தில்தான் ஆட்கள் திரும்ப விழுகிறார்கள். தட்டுக்கு மேலே 30 சென்ரிமீற்றராவது ஏணியின் கம்பிகள் நீண்டிருக்கட்டும், அல்லது கைக்கு எட்டும் இடத்தில் தனியே ஒரு பிடி பூட்டுங்கள்.

வேலை முடிந்ததும் படகைக் கட்டிய இடத்திலேயே இரண்டு பெரியவர்களை ஒரே நேரத்தில் ஏணியில் நிற்க வையுங்கள். உள்ளே ஒருவர் தாங்குதட்டைப் பார்த்துக்கொண்டிருக்கட்டும். ஏதாவது அசைந்தால் அன்றே தெரிந்துவிடும்.

பக்கவாட்டுக்கு ஒரு நல்ல நூலேணி

சீனக்குடாப் பக்கம் கோதுமை, சிமெந்து ஆலைகளுக்கு வரும் கப்பல்களின் பக்கவாட்டில் பைலட் ஏறும் ஏணி தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் நூலேணிதான். ஒவ்வொரு பக்கமும் இரட்டைக் கயிறு, தட்டையான மரப்படிகள், நடுநடுவே 1.8 மீற்றருக்குக் குறையாத நீளமான படி ஒன்று. அந்த நீளப் படி இருப்பதால் ஏணி முறுக்கிக்கொண்டு திரும்பாது. அதே யுக்தியைச் சிறிதாக நம் படகுக்கு எடுத்துக்கொள்ளலாம்.

கயிறு 12 மில்லிமீற்றர் பொலியெஸ்டர். நைலோன் இழுபடும். ஹாட்வெயார் கடையில் மலிவாகக் கிடைக்கும் நீல, பச்சைப் பொலிபுரொப்பிலீன் கயிறு வேண்டவே வேண்டாம், அது வெயிலில் பொடிந்துவிடும், தண்ணீரிலும் மிதக்கும். படிகள் 42 சென்ரிமீற்றர் நீளம், 10 அகலம், 2.5 தடிப்பு. ஒவ்வொரு முனையிலும் இரண்டு துளை. துளைகளுக்குள்ளும் முனைகளிலும் எப்பொக்சி தடவிக் காயவையுங்கள், இல்லாவிட்டால் முனை பிளக்கும். ஒவ்வொரு பக்கமும் இரண்டு கயிற்றையும் துளைகளில் கோத்து, படிக்கு மேலேயும் கீழேயும் மெல்லிய மெழுகுநூலால் சேர்த்து இறுக்கிச் சுற்றினால் படி நழுவாது. மட்டமாக நிற்கிறதா என்று ஒவ்வொரு படியையும் மேசையில் வைத்து அளந்துகொண்டே போங்கள்.

தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே வரும் படியை மட்டும் ஒரு மீற்றர் நீளமாக எடுங்கள். அதன் பின்பக்கம் இரண்டு முனையிலும் 10 சென்ரிமீற்றர் றப்பர்க் கட்டைகளைப் போல்ட் போட்டுப் பூட்டுங்கள். படகின் பக்கத்திலிருந்து ஏணி தள்ளி நிற்கும், விரல் நசுங்காது, முறுக்கிக்கொள்ளவும் செய்யாது. கடைசிப் படியின் அடியில் வலைக்குப் போடும் ஈயத்தில் இரண்டு மூன்று கிலோ கட்டுங்கள். பாரமில்லாத மரப்படி தண்ணீரில் மிதந்து, காலுக்கு எட்டாமல் ஆடிக்கொண்டிருக்கும்.

அவசரப் பைக்கு இதைவிட எளிது. தடித்த நாடாவில் கண்ணிகளாகத் தைத்து, ஒவ்வொரு கண்ணிக்குள்ளும் ஒரு துண்டு பீவீசி குழாய் நுழைத்தால் கண்ணி திறந்தே நிற்கும். அடியில் ஈயம். மேல்முனையைப் படகின் உறுதியான வளையத்தில் கட்டி, சுருட்டிப் பைக்குள் வைத்து, பையின் வாயைத் திறக்கும் நாடா வெளியே தொங்கட்டும்.

இறக்கும் கயிறு

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2013ஆம் ஆண்டுப் படகு ஆணை, தண்ணீரிலிருப்பவர் பிறர் உதவியின்றித் தானே எட்டவோ இறக்கவோ கூடிய ஏறும் வழி படகில் இருக்க வேண்டும் என்கிறது. இதற்குப் பெரிய செலவில்லை, 6 மில்லிமீற்றர் கயிறு ஒரு துண்டு போதும். மடித்த ஏணியை ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சால் கட்டி, முடிச்சின் வால் தண்ணீருக்கு 20, 30 சென்ரிமீற்றர் மேலே வரை தொங்கட்டும். நுனியில் ஒரு கண்ணி போட்டுவிட்டால் சோர்ந்த கைக்கும் பிடி கிடைக்கும். செம்மஞ்சள் போன்ற பளிச்சென்ற நிறமாக இருந்தால் கண்ணுக்குத் தெரியும். றப்பர்க் கயிற்றால் கட்டாதீர்கள், வெயிலில் செத்துப்போய், நடுக்கடலில் ஏணி தானாக விழும். தாழ்ப்பாள், பின் போன்றவை மேலேயிருந்து மட்டும் திறப்பதாக இருந்தால் அவற்றைக் கழற்றிவிட வேண்டும்.

தண்ணீரில் சோதனை

கச்சான் காலத்துக் காலை நேரம், காற்று எழும்புவதற்கு முன், நங்கூரம் போட்ட படகில் செய்யுங்கள். எஞ்சின் நிறுத்தி, சாவி தட்டில் நிற்பவரின் சட்டைப்பையில். அவர் கட்டாயம் இருக்க வேண்டும், ஆனால் உதவக் கூடாது. நீச்சல் உடுப்போடு செய்யும் சோதனை ஒன்றையும் காட்டாது. நீளக் காற்சட்டை, சட்டை, லைஃப் ஜாக்கெட்டோடு இறங்குங்கள். படகை இரண்டு சுற்று நீந்திக் களைத்த பிறகு ஏறுங்கள். மடித்திருக்கும் ஏணியை நீங்களே இறக்குங்கள். பிறகு ஒரு கையை மட்டும் பயன்படுத்திப் பாருங்கள், காயப்பட்டவருக்கு அதுதான் நிலை. சாரத்தோடு படகில் திரியும் பழக்கம் உள்ளவர்கள் சாரத்தோடும் ஒருமுறை இறங்கிப் பாருங்கள், அது காலைச் சுற்றுவதைப் பார்த்தபின் காற்சட்டைக்கு மாறிவிடுவீர்கள். முடிந்தால் படகில் வழக்கமாக வருபவர்களில் பாரமானவரையும் வயதானவரையும் ஏற வையுங்கள். அவர்களால் முடிகிறது என்றால்தான் ஏணி தேறியது.

ஓடும் படகில் ஏணியால் பயனில்லை என்பதையும் அப்போதே புரியவைக்கலாம். ஐந்து நொட் வேகத்தில் படகு விநாடிக்கு இரண்டரை மீற்றர் போகும், யாராலும் தொடரவே முடியாது. அதனால் தனியாகப் போகும்போது ஆளைப் படகோடு பிணைக்கும் இடுப்புப் பட்டியும் கயிறும்தான் முதல் காவல். ஆள் மயங்கிவிட்டாலும் ஏணி உதவாது. பாய் ஏற்றும் கயிற்றை, கயிறு இழுக்கும் வின்ச்சில் சுற்றியோ, கப்பி போட்டோ தூக்கத்தான் வேண்டும். அந்தக் கயிறு பக்கவாட்டில் தண்ணீர்வரை எட்டுகிறதா என்பதை இதே நாளில் பார்த்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் பராமரிப்பு. உள்துறைமுகத்தில் ஏணியைத் தண்ணீருக்குள் விட்டுவைத்தால் சில வாரங்களில் கொட்டலசு பிடித்துக் காலைக் கிழிக்கும், ஆகவே மடித்தே வையுங்கள். ஒவ்வொரு வாடைக்கு முன்னும் தாங்குதட்டு, நட்டு, வெல்டிங் ஓரம், படித்துளைகளில் கயிறு உராயும் இடம் ஆகியவற்றைப் பார்த்து, இறக்கும் கயிற்றை மட்டும் கேள்வியே இல்லாமல் புதிதாக மாற்றிவிடுங்கள். படகில் பெரிய தண்ணீர்த் தொட்டியோ புது எஞ்சினோ ஏறினால் விளிம்பு உயரம் மாறியிருக்கும். ஈயக்குண்டு நூலை எடுத்து மறுபடி அளந்துகொள்ளுங்கள்.